அந்தோணியார் முகம் சிவந்த கதை

கஸ்பாரின் காரில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. பெரிய விளக்கு ஒன்றுமில்லை, மிளகு அளவுதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டுகிற முள்ளுக்குக் கீழே, குட்டியாக ஒரு பேட்டரி படம் போட்டு அதற்குள் எரியும். சாவியைத் திருப்பினால் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்டு வந்து சேரவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச தூரத்தில் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். கஸ்பாரின் விளக்கோ ஒழுங்காக எரியவும் இல்லை, ஒழுங்காக அணையவும் இல்லை. கண்ணடித்தது.

வியாழக்கிழமை முள்ளக்காட்டு உப்பளத்தை ஒட்டிப் போகும்போதுதான் முதல் தடவை கண்ணடித்தது. கஸ்பாரும் பதிலுக்கு ஒரு கண்ணடித்தார். அப்போது அவர் இருந்த சந்தோஷத்தில் தந்திக்கம்பம் கண்ணடித்திருந்தாலும் பதில் சொல்லியிருப்பார். முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதுகு அவருடையது. உர மூட்டை, சர்க்கரை மூட்டை, முந்திரி மூட்டை என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் தூக்கி இறக்கியாயிற்று. இப்போது ஐம்பத்தெட்டு வயதில், ஒரு இரும்பு தன் முதுகில் அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. பழைய கார் ஒன்றை வாங்கி இரண்டு மாதமாகியும் இந்த அதிசயம் அவருக்குத் தீரவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் கை தானாக ஹாரனை அமுக்கும். ரோட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை. ஆனாலும் ஹாரன் கேட்டால் தெருக்காரர்கள் கஸ்பார் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள்.

அவர் மனைவி அந்தோணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புன்னைக்காயலில் படகு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அலைமேல் போகிற எதையும் நம்புவாள், தரையில் சக்கரம் வைத்துப் போவதை நம்பமாட்டாள். அரசாங்க பஸ் ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு, அது கெட்டுப்போனாலும் துணைக்கு ஐம்பது பேர் நிற்பார்கள் என்பதால். சிவப்பு விளக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அவர்கள் சாத்தான்குளம் போக வேண்டியிருந்தது. மகள் ஜெஸ்லினை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம். ஏழு மாதம் முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்துவரும் நாள். சொந்தக் காரில் போய் மகளை அழைத்துவருவதை நினைத்துத்தான் கஸ்பார் அந்தக் காரையே வாங்கினார்.

"இங்கேரும்," என்றாள் அந்தோணியம்மாள். "போற வழியில அந்தச் சிவப்பு ஒரே ஒரு தடவ முழிச்சா போதும். நான் அங்கனயே இறங்கி பஸ்ஸுல போயி எம் பிள்ளைய பஸ்ஸுலயே கூட்டிட்டு வந்துருவேன். நீரு வண்டிய அப்படியே காயல்பட்டணத்துக்குத் திருப்பி ஸதக்கத்துல்லா பாய்ட்ட சாவியக் குடுத்துட்டு நடந்து வாரும்."

காயல்பட்டினத்து ஸதக்கத்துல்லாஹ் அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தன் மகன் ஓட்டிப் பழக இப்படி ஒரு பழசு தோதாக இருக்கும் என்று இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். ஆகவே தீர்ப்பு வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

வெள்ளியும் சனியும் கஸ்பார் வைத்தியம் பார்த்தார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர், ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட் தொளதொளத்திருக்கும் என்றார். கஸ்பார் பெல்ட்டை இழுத்து முறுக்கினார், விளக்கு கண்ணடித்தது. படகு எஞ்சின் பார்க்கிற ஒருவர், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கும் என்றார். கழற்றிப் பார்த்தார்கள், கார்பன் நீளமாக, ஆரோக்கியமாக இருந்தது. டீக்கடையில் ஒருவர் யோசித்து யோசித்து, அந்த பல்பைப் பிடுங்கிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்றார். எல்லாரும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள், ஒன்றே ஒன்றைத் தவிர. எஞ்சினிலிருந்து வண்டியின் பாடிக்கு வருகிற எர்த்து வயரைக் கஸ்பார் புதன்கிழமைதான் புதிதாகப் போட்டிருந்தார். பழையது உப்புக் காற்றில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. புதிதாகப் போட்டதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசல் கடையில் அந்தோணியார் ஸ்டிக்கர் தொங்கியது. குழந்தை இயேசுவைக் கையில் வைத்திருக்கிற அந்தோணியார், தீப்பெட்டி அளவு. கஸ்பார் சுற்றுமுற்றும் பார்த்தார். வாங்கினார். நேரே வீட்டுக்கு வந்து காருக்குள் உட்கார்ந்து, பேட்டரி படத்துக்கு நேராகக் கண்ணாடி மேல் பதமாக ஒட்டினார். மறைப்பதற்காக ஒட்டவில்லை, பாதுகாப்புக்காக ஒட்டினோம் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டார்கள். அந்தோணியம்மாள் பின்சீட்டில் ஏறி, ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். எந்த நேரமும் குதிக்கத் தயாராக இருக்கிற உட்கார்வு. மடியில் சம்பந்தி வீட்டுக்கு மக்ரூன் பலகார டப்பா. அந்தோணியார் ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. தன் பெயருக்குரிய புனிதர் அல்லவா. இப்பவாவது உமக்கு புத்தி வந்துச்சே என்று பாராட்டினாள். முப்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு பாராட்டைக் கேட்டதில்லை என்பதால் கஸ்பாருக்குச் சிரிப்பு பொங்கியது. ஹாரன் அடித்தது.

அந்தோணியாரின் முகம் லேசாகச் சிவந்தது.

முக்காணி தாண்டி ஏரல் வருவதற்குள் நான்கு தடவை சிவந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு சிவப்பு. பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் ஒரு சிவப்பு. கஸ்பார் கையை ஹாரனிலிருந்து எட்டவே வைத்துக்கொண்டார். ஆனால் பயத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதை அடக்குவது சந்தோஷச் சிரிப்பை அடக்குவதைவிடக் கஷ்டம். ஏரல் பாலத்தில் மறுபடியும் கை அமுக்கிவிட்டது.

அந்தோணியம்மாள் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். "இங்கேரும். அந்தோணியார் முகம் செவக்கி."

கஸ்பார் வெயில் என்றார்.

"வெயிலு இல்ல. உள்ளேருந்து செவக்கி." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சத்தமாக ஜெபம் சொல்லத் தொடங்கினாள்.

கஸ்பாருக்கு அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவில் எப்படிக் குறுக்கிடுவது? ஒரு ஜெபம் முடியட்டும் என்று பார்த்தார். அது முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிட்டது. இப்படியே குரும்பூர் ரயில்வே கேட் வந்துவிட்டது. கேட் பூட்டியிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் வந்து நின்றன.

அந்தோணியம்மாள் கண்ணாடியை இறக்கி, கேட் பக்கத்தில் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தாள். பைக்கில் இருந்த கணவனும் மனைவியும் வந்தார்கள். பால்வண்டிக்காரர் வந்தார். ஐந்தாறு தலைகள் ஜன்னலுக்குள் நுழைந்தன. அந்தோணியம்மாள் கஸ்பாரை ஹாரன் அடிக்கச் சொன்னாள். கஸ்பார் மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் பின்னாலிருந்தே கையை நீட்டி அமுக்கினாள். அந்தோணியார் சிவந்தார். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பனங்கிழங்குக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போது பக்கத்து ஆட்டோவிலிருந்து டிரைவர் ஒருவர் வாயில் வெற்றிலையோடு எட்டிப் பார்த்தார். "அது பேட்டரி லைட்டுல்லா அண்ணாச்சி. சார்ஜ் ஏறலன்னா அப்படித்தான் மினுங்கும். அதுமேல கொண்டுபோயி ஸ்டிக்கர ஒட்டி வச்சிருக்கீரு."

ரயில் போயிற்று. கேட் திறந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அந்தோணியம்மாள் நகத்தால் மெதுவாக, ஓரம் கிழியாமல் ஸ்டிக்கரை உரித்து, புனிதரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு முத்தம் கொடுத்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் கஸ்பாருக்குத் தாங்கும் வழி தெரியும். இந்த மௌனம் உர மூட்டை மாதிரி இருந்தது, கீழே வைக்கவும் இடமில்லை. நாசரேத் வந்ததும் பின்சீட்டிலிருந்து இரண்டே வார்த்தை வந்தது.

"இங்கன நிறுத்தும்."

சாத்தான்குளம் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. கஸ்பாருக்கு அந்தப் போர்டைப் பார்த்ததும் உயிர் வந்தது. அந்தோணியம்மாள் வேறு நிழல் இல்லாததால், அதே கடை வாசல் பெஞ்சில் மக்ரூன் டப்பாவோடு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். காருக்கு முதுகு.

கடையை நடத்துவது ஜெபசுதா என்கிற பெண். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டிருந்தாள். கஸ்பார் மூச்சுவிடாமல் கதை முழுவதையும் சொன்னார். பெல்ட், கார்பன், பல்பு, அந்தோணியார், ரயில்வே கேட், ஸதக்கத்துல்லாஹ். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், பஸ் வருவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் என் கார் போச்சு தாயி என்றார். அவள் எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தாள்.

முதலில் ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்த்தாள். மீட்டரில் பதினாலுக்கு மேல் காட்டியது. நல்ல உழைப்பாளி என்றாள். பிறகு பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரைதான் வந்தது. அங்கே சமைக்கிற சோறு இங்கே இலைக்கு வந்து சேரவில்லை. அடுத்ததாக மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைப் பேட்டரியின் கறுப்புப் பக்கத்திலும் வைத்தாள். அங்கே முள் அசையவே கூடாது. அசைந்தது. கஸ்பாரை ஹாரன் அடிக்கச் சொன்னாள். முள் துள்ளியது. விளக்கும் கண்ணடித்தது.

அவள் ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்புப் பக்கத்திலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் கவ்வவைத்தாள். விளக்கு அணைந்தது. ஹாரன், ஹெட்லைட், வைப்பர், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னாள். விளக்கு எழுந்திருக்கவே இல்லை. கேபிளை எடுத்தாள், முழித்தது. வைத்தாள், தூங்கியது. கஸ்பாருக்கு இது விளையாட்டாகிவிட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு நான்கு தடவை செய்யவைத்தார்.

"கரண்டு போனா திரும்பி வரணும்லா அண்ணாச்சி," என்றாள் ஜெபசுதா. "போற வழி நல்லாருக்கு. திரும்பி வாற வழியிலதான் யாரோ கதவச் சாத்தி வச்சிருக்காங்க. எர்த்து வயரு எங்க?"

எர்த்து வயர் புதுசு, புதன்கிழமை போட்டது, அதில் ஒன்றும் இருக்காது என்றார் கஸ்பார். அவள் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள். வயரைப் பாடியோடு சேர்க்கிற போல்ட் கழன்றது. வயர் முனையில் இருந்த வளையக் காதைத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கஸ்பாரைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

வயர் உட்கார்ந்திருந்த இடம் நீலமாக இருந்தது. சாதாரண நீலம் இல்லை. நல்ல, பளபளப்பான, கடலில் போகிற படகு நீலம். இரும்பு மயிரளவுகூடத் தெரியவில்லை.

அந்த இடத்தைக் கஸ்பார் செவ்வாய்க்கிழமைதான் உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரித் தேய்த்து வைத்திருந்தார். தேய்க்காமல் வயரை மாட்டாதே என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வயர் புதன்கிழமைதான் வந்தது. மாட்டப் போகும்போது அந்த இடம் நீலமாக இருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அழகாகத்தானே இருக்கிறது என்று மாட்டிவிட்டார்.

இந்தப் பெயிண்டை யார் அடித்தது என்று ஜெபசுதா கேட்டாள்.

பெஞ்சிலிருந்து, முகத்தைத் திருப்பாமலே, அந்தோணியம்மாள் சொன்னாள். "நான்தான். ரெண்டு கோட் அடிச்சேன். ஏன், அதுக்குள்ள உரிஞ்சு போச்சா?"

கஸ்பார் அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பச்ச இரும்ப அப்படியே திறந்து போட்டுட்டுப் போயிட்டாரு மனுசன்," என்று ஜெபசுதாவிடம் முறையிட்டாள் அவள். "கடக்காத்துல ஒரு ராத்திரி கிடந்தா விடியறதுக்குள்ள துரு தின்னுரும். எங்க அண்ணன் படகுக்கு வாங்குன பெயிண்டு மிச்சம் இருந்துச்சு. முதல்ல ஒரு கோட் அடிச்சு, காயவிட்டு, மேல இன்னொண்ணு அடிச்சேன். தப்பா?"

தப்பே இல்லை என்றாள் ஜெபசுதா. படகாக இருந்தால் பத்து வருஷம் நிற்கும். ஆனால் பெயிண்டுக்குள் கரண்டு போகாது. போல்ட்டின் மரை மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஏதோ கொஞ்சம் கசிந்து போயிருக்கிறது. அதனால்தான் வண்டி இவ்வளவு தூரம் வந்ததே. ஹாரன் கூடுதலாகக் கரண்டு கேட்டால் அந்தச் சந்து போதாமல் விளக்கு முழித்திருக்கிறது. இதைச் சொல்லிமுடிப்பதற்குள் அவளுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பம்பரில் சாய்ந்து சிரித்தாள். கஸ்பார் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தோணியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கி, மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்து, அதோடு சரி, அவளும் சிரித்துவிட்டாள். மக்ரூன் டப்பா மடியில் குதித்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் எழுந்துவந்து உப்புத்தாளைக் கேட்டாள். அடித்தது நான், சுரண்டுவதும் நான்தான் என்றாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தாள். நன்றாகத்தான் அடித்திருக்கிறாள், லேசில் போகவில்லை. சுரண்டிக்கொண்டிருக்கும்போதே சாத்தான்குளம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கஸ்பார் மூச்சுவிடாமல் நின்றார். அந்தோணியம்மாள் தலையைத் தூக்கவில்லை. பஸ் போய்விட்டது.

வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இதை இப்படியே விடுவதா என்று ஜெபசுதாவிடம் சண்டைக்கு வந்தாள். முதலில் வயர், பிறகு போல்ட்டை இறுக்கு, அதற்கு மேலே எதை வேண்டுமானாலும் பூசு என்றாள் ஜெபசுதா. அப்படியே செய்தார்கள். அந்தோணியம்மாள் கிரீஸ் டப்பாவை வாங்கி, போல்ட் தலை மறையும்படி பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். எஞ்சின் ஓடியது. விளக்கு அணைந்தது. பேட்டரியில் மீட்டர் பதினாலு காட்டியது.

மீதி வழியெல்லாம் விளக்கு எழுந்திருக்கவில்லை. ஆனால் கஸ்பார் ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. சிவப்பு ஒரு தடவை முழித்தால் போதும் என்பதுதானே நிபந்தனை. அது முழித்ததுமில்லாமல், ஊரைக் கூட்டிப் புனிதரையும் சாட்சிக்கு இழுத்துவிட்டது. தீர்ப்பு இன்னும் இருக்கிறதா என்று பின்சீட்டுக்காரியிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சாத்தான்குளத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய கார் ஒன்று நின்றது. புதுசு, ஏசி வைத்தது, கழுவித் துடைத்தது. சம்பந்தியம்மா ஈவாஞ்சலினின் இளைய மகன் ஜெர்சன் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான். சாப்பாடெல்லாம் ஆனபிறகு ஈவாஞ்சலின் மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். பிள்ளைத்தாய்ச்சியைப் பழைய வண்டியில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போவானேன், ஜெர்சன் அந்தக் காரில் கொண்டுவந்து விட்டுவிடுவான், நீங்கள் உங்கள் வண்டியில் பின்னால் வாருங்கள் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

கஸ்பார் தன் காரைப் பார்த்தார். பெரிய கார் பக்கத்தில் அது கழுவாத தட்டு மாதிரி நின்றது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். இப்போது இவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், திரும்புகிற வழி நேரே காயல்பட்டினம்தான்.

அந்தோணியம்மாள் பெரிய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பானட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல வண்டிதான் மைனி. இதுல எர்த்து வயரு எங்கன இருக்கு தம்பி?"

ஜெர்சன் சாவி சுழற்றுவதை நிறுத்தினான். யோசித்தான். ஷோரூமில்தான் கேட்க வேண்டும் என்றான்.

"பாத்தீங்களா மைனி. எங்க வண்டியில எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்." அவள் கஸ்பாரின் காரின் பின்கதவைத் திறந்துபிடித்தாள். "ஏளா ஜெஸ்லின், ஏறு. தலைய பாத்து."

ஜெஸ்லின் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கஸ்பார் ஓடிப்போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். தெரு முட்டுத்தெரு, பின்னால் எடுத்துத்தான் போக வேண்டும். ரிவர்ஸ் கியர் கைக்குச் சிக்கவில்லை, சந்தோஷத்தில் மூன்றாவது கியரைப் போட்டு எஞ்சினை நிறுத்தினார். மறுபடியும் போட்டார். மறுபடியும் நின்றது. ஜெர்சன் உதவிக்கு வந்தான். அந்தோணியம்மாள் அவனை விலக்கிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். சேலையைச் சொருகிக்கொண்டு, கரையில் படகு ஏற்றுகிறவர்கள் செய்வதுபோல இரண்டு கையையும் வீசி வீசிக் கூப்பிட்டாள். வரட்டும், வரட்டும், இடப்பக்கம் ஒடியும், நில்லும், வரட்டும். வீட்டு வாசல்களிலெல்லாம் ஆட்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கார் ஆடி அசைந்து, ஒரு வாழைத் தொட்டியை மட்டும் தொட்டுவிட்டு, பின்பக்கமாகத் தெருவைக் கடந்தது.

"யப்பா, மெதுவா," என்றாள் ஜெஸ்லின், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே. "உள்ள இருக்கது உருண்டு உருண்டு சிரிக்கி."